இரண்டு கையும் தலைக்கு மேலே

ரைபிள் ரேஞ்ச் பிளாட், பினாங்கு
27 அக்டோபர் 2025

நாத்தனார் தனலெட்சுமிக்கு,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். எவ்வளவு நன்றாக என்று ஒவ்வொருவராகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

பேரன் கோகுலனுக்குப் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பதவி உயர்ந்துவிட்டது. அவனுக்குக் கீழே இப்போது முப்பத்திரண்டு பேர். எல்லாரும் அவனை 'போஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கார் நிறுத்த அவனுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி, தரையில் பெயரும் எழுதியிருக்கிறார்கள். நான் நேரில் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் அப்போது இன்னும் காயவில்லை.

சின்னப் பேத்தி துளசிக்கு மாநிலப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, அதுவும் மலாய் மொழியில். கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கோப்பைதான் உயரம்.

மூத்த பேத்தி லோகேஸ்வரியைக் கடைசிக்கு வைத்தேன். நீ அவள் பெயரைத்தான் முதலில் தேடியிருப்பாய். பர்மா ரோட்டில் அவள் வேலை செய்யும் மையத்தில் இப்போது அவள்தான் தலைமைத் தெரப்பிஸ்ட். அறைக் கதவில் பெயர்ப் பலகை இருக்கிறது. டாக்டர்களே கடிதம் எழுதி அவளிடம் ஆள் அனுப்புகிறார்கள். ஹாக்கி விளையாடும் பிள்ளைகள் வருகிறார்கள். போன மாதம் ஒரு சீனத் தாத்தா வந்தாராம். கழுத்து இறுகி, தலைவலியோடு இரண்டு வருடம் சரியாகத் தூங்காதவர். ஆறாவது தடவை அவள் பிடித்துவிடும்போது மேசையிலேயே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டாராம். அவர் மகள் ஒரு கூடை மாண்டரின் ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தாள். நீ என்ன சொன்னாயோ அந்த வேலைதான் இது. கோலாலம்பூரில் இரண்டு வருடம், எலும்புக்கூடு தொங்கும் வகுப்பில் உட்கார்ந்து, எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி வாங்கிய வேலை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குவீன் ஸ்ட்ரீட் பூக்கடையில் உன்னைப் பற்றிக் கேள்விப்பட்டேன். உன் வலது கை தோளுக்கு மேல் போகவில்லையாம். தலையில் பூ வைக்க மருமகளைக் கூப்பிடுகிறாயாம். கேட்டதும் நான் இரண்டு முழம் அதிகமாக மல்லிகை வாங்கினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, என் கையாலேயே வைத்துக்கொண்டேன்.

எந்தக் கை என்று உனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால், லோகேஸைப் பெண் கேட்டு மனோன்மணி குடும்பம் பழத்தட்டோடு என் வீட்டுக்கு வந்த நாளில், நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாய்: "புள்ள ஒடம்பு புடிக்கிற கடையில வேல செய்யுது. ஆம்பளைங்கெல்லாம் வருவாங்க, தெரியுமில்ல?" மனோன்மணி கோப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். வந்த தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. அன்று சாயங்காலம் என் சாமி மேடையில் சூடம் ஏற்றி, இனி உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று நான் கையால் அணைத்தேன். நீயும் விடாமல் வலது கையால் அணைத்தாய். அந்தக் கைதான்.

சத்தியம் வாய்க்குத்தான், பேனாவுக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன். உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் குடும்பப் படத்தில், ஓரத்தில் லோகேஸ் நின்ற இடத்தை மடித்துச் சட்டம் போட்டிருக்கிறாய் என்று கோகுலன் சொன்னான். மடித்தவளுக்கு இப்போது கை மடங்கிப்போனது. லோகேஸிடம் வந்தால் சரியாகும். ஆனால் வர முடியாது. உன்னைத் தொடக்கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

பதில் வேண்டாம். நீ படித்தாய் என்பது எனக்குப் போதும்.

ஜெயலெட்சுமி


புக்கிட் மெர்தாஜாம்
6 நவம்பர் 2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான்கு பக்கத்தில் இரண்டு பக்கம் பெருமை, இரண்டு பக்கம் சாபம். அண்ணன் இருந்திருந்தால், தபால்தலைக் காசுக்கு ஒரு கட்டுக் கங்கோங் கீரை வாங்கியிருக்கலாம் என்று சொல்லியிருப்பார்.

எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. என் பேரன் ஹரீஷ் மெல்பர்னில் வேலையில் இருக்கிறான். அவன் சம்பளம் எவ்வளவு, அவனுக்குக் கீழே எத்தனை பேர் என்று நான் கேட்டதில்லை. இரண்டு காலாலும் நடக்கிறான், அது போதும். பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவன் எழுந்து நடந்தால் மூன்று வருடம் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு முடிந்தது. வரும் தைப்பூசம் மூன்றாவது. தலையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, நானே சுமக்க வேண்டும். வேறு யாரும் எனக்காக ஏற முடியாது. அதனால் இந்தக் கை எனக்கு வேண்டும். பூ வைக்க இல்லை.

சூடம் அணைத்ததால் கை நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்களும்தான் அணைத்தீர்கள். இனிப்புநீர் வியாதி உள்ளவர்களுக்குத் தோள் இப்படி இறுகிப்போவது சகஜம் என்று டாக்டர் சொன்னார். சாமி என்னைத் தண்டிக்க நினைத்திருந்தால் நாக்கில் அல்லவா தண்டித்திருக்கும்.

கை இப்போது தேவலை. போன மாதம் முந்தானையை இழுத்துவிடக்கூட முடியாமல் இருந்தவள், இப்போது நானே தலை சீவிக்கொள்கிறேன். தினமும் காலையில் அடுப்படிச் சுவரில் இரண்டு விரலை நடக்கவிட்டு ஏற்றுகிறேன். சிவப்புக் கோட்டை ஏற்கனவே தொட்டாயிற்று. பொங்கலுக்குள் மஞ்சள் கோட்டைத் தொட்டுவிடுவேன். ஆகவே உங்கள் பேத்தியின் தயவு எனக்குத் தேவையில்லை.

படத்தை மடித்தது உண்மை. சட்டம் சிறியது.

தனலெட்சுமி


ரைபிள் ரேஞ்ச் பிளாட்
14 நவம்பர் 2025

தனத்துக்கு,

நான் ஐந்தாம் வகுப்பு. நீ ஆறு. அந்த ஒரு வகுப்பை வைத்து நாற்பது வருடமாக என்னை மட்டம் தட்டியவள் நீ. ஆனால் சிவப்புக் கோடு, மஞ்சள் கோடு என்று எழுதிவிட்டாயே, ஆறாம் வகுப்பில் மறைத்து எழுதச் சொல்லித்தரவில்லையா?

போன வருடம் எனக்குத் தோள் பிடித்துக்கொண்டபோது என் அடுப்படிச் சுவரில் லோகேஸ் இரண்டு கோடு போட்டாள். கீழே சிவப்பு, மேலே மஞ்சள். "பாட்டி, சிலந்தி மாதிரி ரெண்டு வெரலு ஏறணும். வலிச்சா நிறுத்தணும். கோடுதான் ஒங்களுக்கு வாத்தியாரு" என்றாள். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் குழம்பு தீய்ந்தது.

லோகேஸ் வேலை முடிந்து வந்ததும் கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒப்புக்கொண்டாள். ஆகஸ்டிலிருந்து நீ வருகிறாயாம். புதன்கிழமை மதியம், பதினொரு தடவை. பக்கத்து வீட்டு டோரதி உன்னைக் காரில் பாலம் தாண்டிக் கொண்டுவருகிறாள். பின் மாடிப்படியில் ஏறுகிறாய். தலையில் துணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பெயர் கேட்டால் டோரதி. நெற்றியில் பட்டையாக விபூதி பூசிக்கொண்டு டோரதி. முன்மேசையில் இருக்கும் மலாய்ப் பெண் சித்தி ஹாஜரா, இந்த ஆன்ட்டி என்ன சாமி கும்பிடுகிறார் என்று லோகேஸிடம் கேட்டாளாம்.

என் பேத்தியிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று, அவளைத் தொடாதே. அதற்கு அவள் சொன்ன பதில் இது: "பாட்டி, எனக்கு அது ஒரு தோள்தான் லா. யாரோட தோள்னு பார்த்தா நான் வேலைய விட்டுறணும்." நான் அன்று சோறு வேண்டாம் என்று படுத்தேன். அவள் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

அவள் மன்னித்தது அவள் பாடு. நான் கேட்பது இதுதான். உனக்கு அவள் கை வேண்டும், அவள் பெயர் வேண்டாம். அவள் தொட்டால் குணமாகிறது, அவளிடம் வந்தாய் என்று வெளியே தெரிந்தால் அசிங்கம். அன்று சொன்ன பேச்சை நீ இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாய், ஒவ்வொரு புதன்கிழமையும், அந்தப் பின் மாடிப்படியில்.

ஆகவே கேட்டுக்கொள். மனோன்மணி ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் மலைப்படி பாதியில் உள்ள தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுவாள். நீ பால்குடத்தோடு அந்த வழியாகத்தான் ஏற வேண்டும். ஏறும்போது அவளிடம், உன் கையைத் தூக்க வைத்தது யார் என்று சத்தமாகச் சொல். சொல்லாவிட்டால் நான் அந்தப் பந்தலில் நிற்பேன். உன்னோடு பேசமாட்டேன், சத்தியம் இருக்கிறது. ஆனால் மனோன்மணியோடு பேசலாம். டோரதி, கறுப்புக் கண்ணாடி, பின் மாடிப்படி எல்லாவற்றையும் சொல்வேன். அப்போது உன் இரண்டு கையும் குடத்தில் இருக்கும், தனம். முகத்தை மூட உனக்குக் கை இருக்காது.

ஜெயலெட்சுமி


புக்கிட் மெர்தாஜாம்
25 நவம்பர் 2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு நாள் எழுதவில்லை. இப்போது எழுதுவது கெஞ்ச இல்லை. நடந்ததைச் சொல்ல.

முதலில் நான் லோகேஸிடம் போகவில்லை. இங்கே காய்கறிப் பாசாருக்குப் பின்னால் கை இழுத்துவிடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்றார்கள், போனேன். அவர் எண்ணெயை ஊற்றி, முழங்காலை என் விலாவில் வைத்து, ஒரே இழுப்பு. நான் கத்தியது ரோட்டுக்குக் கேட்டதாம். ஒரு வாரம் தோள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. அதன் பிறகு சோற்றைக்கூட இடது கையால் அள்ளினேன். இடது கையால் சாப்பிடுகிறவளைப் பேரப்பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். டாக்டர்தான் பர்மா ரோட்டுக்குக் கடிதம் கொடுத்தார். கடிதத்தில் யார் பெயர் இருந்தது என்று சொல்ல வேண்டாம்.

முதல் நாள் பொய்ப் பெயரோடு போய் உட்கார்ந்தேன். லோகேஸ் வந்தாள். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, எனக்கும் அது தெரிந்துவிட்டது. இனிப்புநீர் எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன மாத்திரை என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "வலி பத்துக்கு எத்தனை, டோரதி ஆன்ட்டி?" என்றாள். எழுபது வயதில் என் வலிக்கு எண் கேட்ட முதல் ஆள் அவள். ஒன்பது என்றேன். அழுதுவிட்டேன்.

துண்டை என் மேல் போர்த்தினாள். தோளை மட்டும் திறந்தாள். "இப்போ தொடலாமா?" என்று கேட்டாள். அண்ணி, நான் மூன்று பிள்ளை பெற்றவள். பிரசவத்தில்கூட என்னைக் கேட்டுவிட்டு யாரும் தொட்டதில்லை. தோளை அவள் இழுக்கவே இல்லை. வெந்நீர்ப் பை வைத்தாள். கழுத்தையும் முதுகையும்தான் முதலில் பிடித்துவிட்டாள். அந்தத் தோள் செய்யாத வேலையைக் கழுத்தும் முதுகும் செய்து செய்து கல்லாகிவிட்டன என்றாள். இதோடு உடற்பயிற்சியும் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் கெட்டுப்போகும் என்றாள். அன்று வீட்டுக்குப் போய் ஐந்து மணி நேரம் ஒரே பக்கமாகத் தூங்கினேன்.

மூன்றாவது தடவை நன்றாக வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், "பழி வாங்குறியா?" அழுத்துவதை நிறுத்திவிட்டாள். "பழி வாங்கணும்னா இந்தக் கைய இப்படியே விட்டிருப்பேன், பாட்டி" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை. ஆனாலும் புத்தகத்தில் டோரதி என்றே எழுதிவந்தாள். நான் சொல்லட்டும் என்று விட்டுவைத்தாள் போல.

அன்று உங்கள் வீட்டில் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஹரீஷ் காலில் கம்பியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரும்ப நடப்பானா என்று டாக்டருக்கே தெரியாது. நீங்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தீர்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கோகுலன் கார் வாங்கியது, துளசி ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தது, லோகேஸ் பட்டயம் வாங்கியது என்று அரை மணி நேரம் சொன்னீர்கள். ஓட்டப் பந்தயம், அண்ணி. பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நீங்கள் கவனிக்கவில்லை. மறுமாதம் உங்கள் வீட்டில் பழத்தட்டைப் பார்த்தபோது என் வாய் தானாகத் திறந்தது. நான் சொன்னது உங்களைக் குத்தத்தான். பட்டது லோகேஸுக்கு.

மனோன்மணியிடம் சொல்லச் சொல்கிறீர்கள். பால்குடம் எடுக்கும் பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. அவளிடம் சொன்னால் புக்கிட் மெர்தாஜாம் முழுக்கப் போகும். இந்த வயதில் நான் பொய்க்காரி என்று பெயர் எடுத்து எங்கே போவேன்?

தனலெட்சுமி


ரைபிள் ரேஞ்ச் பிளாட்
3 டிசம்பர் 2025

தனத்துக்கு,

ஆரஞ்சு விஷயம் எனக்கு நினைவில்லை.

எங்கே போவேன் என்று கேட்கிறாய். நீ சொன்ன அன்று லோகேஸ் எங்கே போனாள் தெரியுமா? குளியலறைக்கு. தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம். வெளியே வந்து, கோப்பிக் கோப்பைகளை எல்லாம் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு வரனும் விசாரித்துவிட்டு நின்றுபோயின. உன் பேச்சு பாலம் தாண்டித் தாண்டி நடந்தது. உனக்கு வலி பத்துக்கு ஒன்பது. அவளுக்கு எத்தனை என்று நீ கேட்டாயா?

அவளிடம் நான் கேட்டேன். "எனக்கு அந்தக் கல்யாணம் வேணாம் பாட்டி. என் வேலைய சாக்கு வெச்சு எந்திரிச்சுப் போறவங்க, கோப்பி மேசையிலயே எந்திரிச்சது நல்லதுதான்" என்றாள். மனோன்மணிமேல் அவளுக்குக் கோபம்கூட இல்லையாம். சரி. அவளுக்குப் பழி வேண்டாம். எனக்கு வேண்டும். நான் எழுபத்திரண்டு வயதுக்காரி, எனக்கு ஹாக்கி விளையாட்டா இருக்கிறது? தினமும் காலையில் மாத்திரை போட்டுவிட்டு, மனோன்மணியிடம் சொல்ல வேண்டியதை நான்கு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஐந்து வரி. சுருக்கமாக இருக்கிறது. பந்தலில் சொல்லும்போது ஒரு வார்த்தை தவறாது.

சிகிச்சையை நிறுத்தச் சொல்லி லோகேஸிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டாலும் நிறுத்தமாட்டாள். அதோடு உன் கை சரியாக வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். கை தொங்கினால் நீ மலை ஏறமாட்டாய். நீ ஏறினால்தான் எனக்குப் பந்தல்.

தைப்பூசம் பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நான் காலை ஆறு மணிக்கே அங்கே இருப்பேன்.

ஜெயலெட்சுமி

பி.கு. ஆரஞ்சு நினைவுக்கு வந்தது. ஆறு பழம். அவன் சுவர்ப் பக்கம் திரும்பியது தூக்கத்தில் என்று நினைத்தேன்.


புக்கிட் மெர்தாஜாம்
17 ஜனவரி 2026

அண்ணிக்கு,

மஞ்சள் கோட்டைத் தொட்டுவிட்டேன். பொங்கலுக்கு மறுநாள் காலையில். பானையை இறக்கிவைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன், போனது. முழங்கை காதில் பட்டது. மருமகள் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள்.

இன்னொன்றும் செய்தேன். போன புதன்கிழமை முன் வாசல் வழியாகப் போனேன். தலையில் துணி இல்லை, கண்ணாடி இல்லை. சித்தி ஹாஜரா, "வாங்க டோரதி ஆன்ட்டி" என்றாள். நான் டோரதி இல்லை, தனலெட்சுமி என்றேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டோரதிக்குப் பதிலாக வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம், ஐந்து மாதமாக என்றேன். உட்கார்ந்திருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நிரப்பச் சொல்லிப் புது பாரம் கொடுத்தாள். இந்த மையத்தைப் பற்றி யார் சொன்னார்கள் என்று அதில் ஒரு கேள்வி. 'என் பேத்தி' என்று எழுதினேன். லோகேஸ் அதைப் படித்தாள். வெந்நீர்ப் பை எடுக்கப் போனாள். வர நேரமாயிற்று.

தைப்பூசத்துக்கு நீங்கள் வந்து நிற்பதாக இருந்தால் நில்லுங்கள். எனக்குக் குடம் இருக்கிறது, ஹரீஷ் இருக்கிறான், ஐந்நூறு படிக்கு மேல் இருக்கிறது. உங்களைப் பயந்துகொண்டு ஏற நேரம் இல்லை. நான் சொல்வேனா மாட்டேனா என்று இப்போது எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அதற்கு முன்னால் ஏதாவது செய்துவிடுவீர்கள்.

தனலெட்சுமி


ரைபிள் ரேஞ்ச் பிளாட்
5 பிப்ரவரி 2026

தனத்துக்கு,

நீ திருடி. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு நான் பந்தலில் இருந்தேன். சாமி கும்பிடப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தேன். லோகேஸ் எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள், எங்கே என்று சொல்லவில்லை. மனோன்மணி மோர் கலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவளுக்கு இரண்டு அடி பக்கத்தில் போய் நின்றேன். ஐந்து வரியும் நாக்கு நுனியில் இருந்தது. மூன்று மணி நேரம் அதைக் காப்பாற்றினேன். மோர்கூடக் குடிக்கவில்லை, குடித்தால் ஒரு வரி உள்ளே போய்விடும் என்று.

ஒன்பது மணிக்கு நீ வந்தாய். மஞ்சள் சேலை. தலையில் குடம். இரண்டு கையும் மேலே, முழங்கை இரண்டும் காதில் ஒட்டியிருந்தது. உனக்கு ஒரு படி பின்னால் லோகேஸ், உன் இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, தொடாமல். நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் நீ நின்றுவிட்டாய். பந்தலுக்கு நேராக. பின்னால் வந்த கூட்டம் உன் முதுகில் முட்டி நின்றது. நீ என்னைப் பார்க்கவே இல்லை. "மனோன்மணி, நல்லாப் பாரு. நாலு மாசம் முன்ன பூ வெக்க முடியாத கை இது. தூக்க வெச்சது இந்தப் புள்ள. அன்னிக்கு ஒங்கிட்ட நான் சொன்னது பொய். நாக்கு அழுகின பொய். டாக்டருங்க ஆள் அனுப்புற வேல இது" என்றாய். அந்த வார்த்தை என்னுடைய கடிதத்தில் இருந்தது, தனம். என் வார்த்தையை எடுத்து நீ சொன்னாய். அதோடு விட்டாயா? "எங்க அண்ணன் பேத்தி. எங்க ரத்தம்" என்றாய். என் பெயரே வரவில்லை. இருபத்தொன்பது வருடம் வளர்த்தவள் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

என் ஐந்து வரியில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் நீயே சொல்லிவிட்டாய். டோரதியை மட்டும் விட்டாய். அதை மட்டும் தனியாகச் சொன்னால் நான்தான் அற்பமாகத் தெரிவேன். இரண்டு வருடம் பொத்தி வைத்த பழியை ஒரு மூச்சில் பறித்துக்கொண்டு போய்விட்டாய்.

அப்புறம் நீ அடுத்த படியில் கால் வைத்தாய். யாரோ சிராப் சர்பத்தைக் கொட்டியிருந்தார்கள். கால் சறுக்கியது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது: "பாத்து ஏறு, தனம்." நீ அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். பதில் சொல்லவில்லை, சிரித்துவிட்டு ஏறிப் போனாய். நான் முதலில் பேசிவிட்டேன், நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்கிறாய். நான் சொன்னது பால்குடத்துக்கு. பால் சாமியுடையது, சிந்தினால் பாவம். உன்னோடு நான் பேசவில்லை. சூடம் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. நீ உச்சிக்குப் போன பிறகு நடந்தது. லோகேஸ் இறங்கி வரும்போது மனோன்மணி கரண்டியை வைத்துவிட்டு அவளிடம் வந்தாள். ஒரு வருடமாக முட்டி வலியாம், படி ஏற முடியவில்லையாம், அதனால்தான் பாதியிலேயே பந்தல் போடுகிறாளாம். "நாளைக்கு வரலாமாம்மா?" என்று கேட்டாள். ம்மா என்றாள், தனம், காதால் கேட்டேன். லோகேஸ் நல்ல மரியாதையாகச் சொன்னாள்: "சித்தி ஹாஜராகிட்ட பேரு குடுங்க ஆன்ட்டி. சொந்தப் பேரு. மூணு வாரம் ஆகும்."

மறுநாள் திங்கட்கிழமை மையத்தில் இரண்டு இடம் காலியாக இருந்தது எனக்குத் தெரியும். லோகேஸின் போனில் முந்தின நாள்தான் பார்த்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எல்லாத் தோளும் ஒண்ணுதான் பாட்டி. முட்டி வேற" என்றாள். நான் பஸ் முழுக்கக் கேட்கச் சிரித்தேன். அந்த மூன்று வாரம்தான் எனக்குப் பாயசம். தினமும் ஒரு நாளைக் காலண்டரில் அடித்துக்கொண்டிருக்கிறேன். மனோன்மணி அங்கே ஒவ்வொரு நாளும் முட்டியைத் தடவிக்கொண்டு எண்ணட்டும்.

இனி கடைசி விஷயம். உன் கூடத்தில் இருக்கும் அந்த மடித்த படத்தை இறக்கு. சட்டம் சிறியது என்ற கதை இனி வேண்டாம், பெரிய சட்டம் நான் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வாங்கியாயிற்று, தேக்கு. ஹரீஷ் ஏப்ரலில் வருகிறானாம், லோகேஸ் சொன்னாள். அவன் நடக்கிறான் என்று எழுதினாய், நான் பார்க்கவில்லை. எல்லாரும் நல்ல கடையில் போய்ப் புதுப் படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். லோகேஸ் நடுவில். ஹரீஷ் நின்றுகொண்டு, நாற்காலி வேண்டாம். நீ பக்கத்தில், இரண்டு கையும் தலைக்கு மேலே. கையைத் தொங்கப்போட்ட படம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். இரண்டு பிரதி போடு. ஒன்று உன் கூடத்துக்கு, ஒன்று எனக்கு. போனில் வேண்டாம், தபாலில் அனுப்பு.

ஜெயலெட்சுமி